பழைய லாரியில் பிரேக் ஷூ மாற்றியபின் சக்கரம் பிடித்துக்கொள்ளுதல்: காரணமும் பரிகாரமும்

விளைபொருளைக் களத்திலிருந்து சந்தைக்கும் ஆலைக்கும் கொண்டுசெல்லும் பொருட்டு, நிலச் சொந்தக்காரர்களிற் பலர் சொந்தமாகவே சிறு லாரி வைத்திருக்கின்றனர். புதிய வண்டியின் விலை அதிகமாகையால், பல வருஷங்கள் ஓடிய பழைய வண்டியை வாங்கிப் பழுதுபார்த்து உபயோகிப்பவர்களும் உண்டு. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி நேரும் ஒரு கோளாற்றைக் குறித்து இங்கே கூறப்படுகிறது. தேய்ந்துபோன பிரேக் ஷூக்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியபின், பெடலை மிதிக்காத வேளையிலும் சக்கரம் தடையின்றிச் சுழலாமல், பிரேக்குப் பிடித்தபடியே ஓடுவதுதான் அக்கோளாறு.

இதனைக் கண்டவுடன் சிலர், "புது ஷூ அல்லவா? நாலு நாள் ஓடினால் தானாகத் தேய்ந்து சரியாகிவிடும்" என்று வண்டியைப் பாரமேற்றி அனுப்பிவிடுகின்றனர். வேறு சிலர், சக்கரம் தாராளமாகச் சுழலும்வரை அட்ஜஸ்டர்களைத் தளர்த்திவிட்டு, வேலை முடிந்ததென்று திருப்தியடைகின்றனர். முதல் வழியில் வண்டி எரியக்கூடும். இரண்டாவது வழியில் வண்டி நில்லாமற் போகக்கூடும். காரணத்தை முறையாகத் தேடி அறிந்து, அதனை மாத்திரம் நீக்குவதே தக்க பரிகாரமாகும்.

பிரேக்கு வேலைசெய்யும் விதம்

சிறு லாரிகளின் டிரம் பிரேக்கு, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வேலைசெய்வது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைக் குழாய்களின் வழியே தள்ளும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் அதனால் வெளியே நகர்ந்து, பிறை வடிவான இரண்டு ஷூக்களையும் விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். பெடலை விட்டதும் சுருள்வில்களாகிய ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயிலும் வந்த வழியே மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பும். ஆகவே, ஷூ விலகுவதற்கு இரண்டு காரியங்கள் நடைபெறவேண்டும். ஒன்று, ஷூ உள்ளே செல்ல இடமும் இழுப்பும் இருக்கவேண்டும். மற்றொன்று, ஆயில் திரும்பிச் செல்ல வழி திறந்திருக்கவேண்டும். சக்கரம் பிடித்துக்கொள்வதற்குரிய பிரேக்குக் காரணங்கள் யாவும் இவ்விரண்டில் ஒன்றனுள் அடங்கும். காற்றழுத்தத்தால் வேலைசெய்யும் பெரிய லாரிகளின் அமைப்பு வேறாகையால், அவை இங்கே சேர்க்கப்படவில்லை.

பிடித்தபடி ஓடுவதால் வரும் தீங்கு

ஒரு சக்கரத்தின் பிரேக்கு, வண்டியை 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னே இழுப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்த ஒரு சக்கரத்திலேயே ஏறக்குறைய 3 குதிரைத்திறன் வீணாகிறது. அது முழுவதும் உஷ்ணமாக மாறும். 1000 வாட் மின்சார அடுப்பு இரண்டை டிரம்முக்குள் இடைவிடாது எரியவிடுவதற்கு இது ஒப்பாகும். டீசல் வீணாவது சிறிய நஷ்டமே. டிரம் சூடேறினால் லைனிங் கருகிப் பிடிமானம் குறையும்; ஹப்பில் உள்ள கிரீஸ் உருகி வெளியேறும்; பேரிங் கெடும்; ஸ்பிரிங்குகள் தம் வலுவை இழக்கும்; முடிவில் டயரும் தீப்பற்றலாம்.

இவை எல்லாவற்றினும் பெரிய அபாயம் ஆயில் கொதிப்பதாகும். டாட் 3 என்னும் தரமுள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. ஆயினும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட எல்லை 140 டிகிரியே. வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியானால், மிதிக்கும் அழுத்தம் ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகும். பெடல் தரைவரை சென்றும் வண்டி நில்லாது.

சமவெளியில் புலப்படாத இக்குறை மலைச்சாலையில் உயிருக்கே உலை வைக்கும். 5000 கிலோ எடையுள்ள வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் உண்டாகும் உஷ்ணம், ஒரு லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குமேல் சூடேற்றப் போதுமானது. அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, அத்தகைய 16 நிறுத்தங்களின் உஷ்ணத்திற்குச் சமமான சக்தியை எஞ்சினும் பிரேக்குகளும் தாங்கவேண்டியிருக்கிறது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகும் காப்பியும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு அச்சாலையில் இறங்கும் வண்டியின் பிரேக்கு, மலையுச்சியிலேயே சூடேறியிருந்தால், அடிவாரம் சேர்வதற்குள் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

முதலிற் செய்யவேண்டிய பரீட்சை

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கவேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைக்காமல் வண்டிக்கடியிற் செல்லலாகாது. பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். பின்சக்கரத்தைச் சுழற்றும்போது டிபரன்ஷியலும் அதன் எண்ணெயும் சிறிது தடைசெய்வது இயல்பு. அதனைப் பிரேக்கின் குற்றமாகக் கருதலாகாது.

எத்தனை சக்கரங்கள் பிடிக்கின்றன என்பதே முதற் குறிப்பு. நான்கும் பிடித்தால் காரணம் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரிலோ பெடலிலோ இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் பிடித்தால் ஹேண்ட் பிரேக் கேபிளையும், பின் அச்சுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸையும் சந்தேகிக்கவேண்டும். ஒரு சக்கரம் மாத்திரம் பிடித்தால் அந்த டிரம்முக்குள்ளோ, முன்சக்கரமாயின் அதற்குரிய ஹோஸிலோ காரணம் இருக்கும்.

எப்பொழுது பிடிக்கிறது என்பது இரண்டாவது குறிப்பு. ஷூவை மாட்டி டிரம்மை ஏற்றியவுடனேயே பிடித்தால், ஷூவுக்கு இடம் போதவில்லை என்று கொள்ளலாம். குளிர்ந்திருக்கையில் தாராளமாகச் சுழன்று, சில கிலோமீட்டர் ஓடியபின் வரவர இறுகினால், ஆயில் திரும்பிச் செல்லவில்லை என்று கொள்ளலாம்.

இவ்விரண்டையும் ஐயமின்றிப் பிரித்தறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. பெடலை நன்றாக மிதித்து விட்டபின், பிடித்திருக்கும் சக்கரத்தின் வீல் சிலிண்டரில் காற்று எடுப்பதற்காக அமைந்திருக்கும் திருகை, ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சிறிது தளர்த்தவேண்டும். ஆயில் பீச்சியடித்துச் சக்கரமும் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. சக்கரம் முன்போலவே பிடித்திருந்தால், குற்றம் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பழைய டிரம் பிரேக்கு அமைப்புகள் பலவற்றில், ரப்பர் கப்புகளின் ஓரம் சிலிண்டரோடு படிந்திருக்கும் பொருட்டுச் சொற்ப அழுத்தத்தைக் குழாய்களில் நிறுத்திவைக்கும் ஒரு வால்வு உண்டு. அதனால் சிறிது ஆயில் கசிந்து வருவது குற்றமன்று. நல்ல ஸ்பிரிங்குகள் அவ்வழுத்தத்தை எளிதில் வெல்லும்.

டிரம்முக்குள் இருக்கும் காரணங்கள்

1. அட்ஜஸ்டர்: தேய்ந்த ஷூவுக்கு ஏற்றவாறு பலமுறை முன்னே திருகப்பட்ட அட்ஜஸ்டரை, தடிப்பான புதிய லைனிங் போடும்போது முற்றிலும் பின்னே திருப்பிவிடவேண்டும். அது துருப்பிடித்துத் திரும்பாவிட்டால், கழற்றிச் சுத்தம்செய்து, பிரேக்குக்குரிய உஷ்ணம் தாங்கும் கிரீஸ் பூசவேண்டும். டிரம் ஏறவில்லை என்று சுத்தியலால் அடித்து ஏற்றுவது கூடாது.

2. ஹேண்ட் பிரேக் கேபிள்: பின்சக்கர ஷூக்களையே இழுக்கும் அமைப்புள்ள வண்டிகளில் இது பலரும் கவனியாமல் விடும் காரணம். ஷூ தேயத்தேயக் கேபிளை இறுக்கிக்கொண்டே வந்திருப்பார்கள். புது ஷூ போட்டபின் அதே இறுக்கம் ஷூவை முழுவதும் உள்ளே வரவிடாது. ஆகவே கேபிளை முதலில் தளர்த்தி, ஷூக்களின் நுனிகள் தாங்கும் ஆணியில் நன்றாகப் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து, காற்பிரேக்கை ஒழுங்குசெய்த பின்னரே கேபிளை இறுக்கவேண்டும். உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாத கேபிளை மாற்றுவதே நலம்.

3. டிரம்மின் விளிம்பு: பழைய லைனிங் உரசிய பாகம் குழிந்து, அதன் ஓரத்தில் தேயாத வரப்பொன்று நின்றிருக்கும். புதிய ஷூவின் ஓரம் அவ்வரப்பின்மேல் ஏறினால் சக்கரம் பிடிக்கும். வரப்பை லேத்தில் கடைந்து நீக்கவேண்டும். அநேக டிரம்களில், கடையக்கூடிய உச்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் டிரம் மெலிந்து, உஷ்ணத்தைத் தாங்காமல் வெடிக்கும். அதனைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கவேண்டும்.

4. ஷூவின் வளைவு: லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவைவிடப் பெரிதாக இருந்தால், இரு நுனிகளும் முதலில் உரசிப் பிடிக்கும், சிறிதாக இருந்தால் நடுப்பாகம் மாத்திரம் உரசும். லைனிங்கில் சாக்கட்டியால் கோடிட்டு, டிரம்மை ஏற்றிச் சிலமுறை சுழற்றிக் கழற்றிப் பார்த்தால் உரசும் இடம் தெரியும். வளைவு ஒவ்வாதென்று இவ்வாறு கண்டபின்னரே ஷூவைத் தேய்த்துச் சரிசெய்யலாம். காரணம் அறியாமல் எடுத்த எடுப்பிலேயே புது லைனிங்கை அரத்தால் ராவுவது, காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பாழாக்குவதாகும்.

5. ஷூக்கள் இடம் மாறுதல்: இரண்டு ஷூக்களும் கீழே நட்சத்திர வடிவான அட்ஜஸ்டரால் இணைந்து, மேலே ஒரே ஆணியில் தாங்கி நிற்கும் அமைப்பில், லைனிங் நீளம் குறைந்த ஷூ வண்டியின் முன்பக்கத்தை நோக்கியும், நீளமானது பின்பக்கத்தை நோக்கியும் இருக்கவேண்டும். இவற்றை மாற்றிப் பொருத்தினால் பிரேக்கு ஒழுங்காக வேலைசெய்யாது. ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைக் கழற்றாமல் வைத்திருந்தால், அதனைப் பார்த்து இதனைப் பொருத்தலாம். இரு பக்கத்து அட்ஜஸ்டர்களின் மரையும் எதிரெதிரானவையாக இருக்கக்கூடுமாதலால், அவற்றையும் கலக்கலாகாது.

6. ஸ்பிரிங்கும் பேக் பிளேட்டும்: உஷ்ணத்தால் நிறம் மாறிய ஸ்பிரிங்கையும், சுருள்களுக்கிடையே சந்து விழுந்த ஸ்பிரிங்கையும் மீண்டும் மாட்டலாகாது. ஷூவின் ஓரம் சறுக்கிச் செல்வதற்காகப் பேக் பிளேட்டில் மேடுகள் உண்டு. அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அங்கே சிக்கிக்கொள்ளும். பள்ளத்தைப் பற்றவைத்து நிரப்பி, அரத்தால் சமமாக்கி, மேலே சிறிதளவு பிரேக் கிரீஸ் தடவவேண்டும். அது லைனிங்கிற் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

7. வீல் சிலிண்டர்: ஷூ தேய்ந்திருந்த காலத்தில் பிஸ்டன்கள் சிலிண்டரின் வெளிப்பக்கத்திலேயே நின்று வேலைசெய்தன. தடிப்பான புது ஷூ அவற்றை உள்ளே தள்ளுகிறது. அவ்விடத்தில் நெடுநாளாகப் படிந்த துருவும் கசடும் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து, பிஸ்டன் கைவிரலால் நகராவிட்டால், சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம்செய்து ரப்பர் கிட் மாற்றவேண்டும். உட்சுவர் அரிக்கப்பட்டிருந்தால் சிலிண்டரையே மாற்றவேண்டும்.

அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்தியும், திருகைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால், ஹப்பைத் திரும்பப் பூட்டுகையில் பேரிங் நட்டை அளவுக்குமேல் இறுக்கிவிட்டார்களா என்பதையும் பார்க்கவேண்டும்.

ஆயில் வழியில் இருக்கும் காரணங்கள்

பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே உள்ள தள்ளுகோல், பெடல் ஓய்ந்திருக்கும்போது பிஸ்டனை அழுத்தாமல் சிறிது இடைவெளியுடன் நிற்கவேண்டும். பெடலைக் கையால் அழுத்தினால், தடை தெரிவதற்குமுன் அது சிறிது தூரம் வெறுமனே அசையவேண்டும். அதன் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுவதால் வண்டியின் கையேட்டைப் பார்த்து வைத்துக்கொள்க. இவ்வசைவு இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. அப்பொழுது ஆயில் தொட்டிக்குத் திரும்புவதற்கென்று அமைந்த நுண்துளை மூடியே இருக்கும். சூட்டால் விரிவடையும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமையால், வண்டி ஓடஓட நான்கு சக்கரங்களும் இறுகும். அந்நுண்துளை கசடால் அடைபட்டாலும், ரப்பர் கப்பு ஊதி அதன்மேல் படிந்தாலும் இதே விளைவுதான். பெடல் ஸ்பிரிங் அறுந்திருப்பதும், பெடலின் அச்சு துருப்பிடித்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். பெடல் அழுத்தத்தை மிகுவிக்கும் வாக்குவம் கருவி உள்ள வண்டியை, எஞ்சின் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் தனித்தனியே பரீட்சித்தல் வேண்டும்.

பழைய ரப்பர் ஹோஸ் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தும் உட்புறம் ஊதி வழியை அடைத்திருக்கலாம். காலின் வலுவால் ஆயில் அதனூடே சென்றுவிடும். ஸ்பிரிங்கின் சிறு வலுவால் திரும்பி வராது. சக்கரம் பிடித்திருக்கும்போது, ஹோஸின் மேல்முனையில் உள்ள இணைப்பைத் தளர்த்திப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் சக்கரம் விடுபடாமல், வீல் சிலிண்டரின் திருகைத் திறந்தபின் மாத்திரம் விடுபட்டால், குற்றம் ஹோஸினுடையது. மேல்முனையைத் தளர்த்தியதுமே விடுபட்டால், தடை மாஸ்டர் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கிறது. இப்பரீட்சைகளுக்குப் பின் ஆயிலை நிரப்பிக் காற்றை முழுவதும் எடுத்துவிடவேண்டும்.

பிரேக் ஆயில் என்னும் பெயரைக் கேட்டு அதனை மற்ற எண்ணெய்களைப் போன்றதென்று எண்ணுவது பெரும் பிழை. டாட் 3, டாட் 4 வகைகள் மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஆயில் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவசரத்திற்கென்று இவற்றில் ஒன்றைத் தொட்டியில் ஊற்றினால், ரப்பர் கப்புகளும் ஹோஸ்களும் ஊதிக் கெட்டு, எல்லாச் சக்கரங்களும் பிடிக்கும். அவ்விதம் நேர்ந்திருந்தால் குழாய்களைக் கழுவி, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உதிரிப் பாகங்களை மண்ணெண்ணெயிற் கழுவும் வழக்கத்தையும் பிரேக்குச் சிலிண்டர் விஷயத்தில் விட்டுவிடவேண்டும்.

ஷூவைச் சரியான இடைவெளியில் அமைத்தல்

காரணம் நீங்கியபின், தானே ஒழுங்குசெய்துகொள்ளும் அமைப்பில்லாத வண்டிகளில், அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, பெடலைச் சிலமுறை பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்யவேண்டும். அதன்பின் சக்கரம் மீண்டும் சுழன்றால் இன்னும் சிறிது இறுக்கி, பிறகு அது தடையின்றிச் சுழலும் அளவுக்கு மாத்திரம் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். புதிய ஷூ ஓரிரண்டிடங்களில் மெல்ல உரசும் ஓசை கேட்பது குற்றமன்று. அவ்வோசையும் ஒழியவேண்டுமென்று மேன்மேலும் தளர்த்துவோரின் வண்டியிலேயே பெடல் தரைவரை செல்கிறது. ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஒரே அளவாக இருக்கவேண்டும். இல்லையேல் பிரேக்குப் போடுகையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசு நுரையீரலிற் படிந்து தீராத நோயை உண்டாக்கும். ஆகையால் டிரம்மிலுள்ள தூசை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையிற் கட்டி அப்புறப்படுத்தவேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

பாரமின்றி, ஜனநடமாட்டமில்லாத சாலையில் முதலில் மெதுவாக ஓட்டி, பெடலின் உறுதியைச் சோதிக்கவேண்டும். பின்னர் மிதமான வேகத்தில் பலமுறை மிருதுவாகப் பிரேக்குப் போட்டு, ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஆறவிட்டால் புது லைனிங் டிரம்மோடு படியும். அதற்குப்பின் சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் உபயோகியாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். டிரம்மைத் தொடலாகாது. ஒரு சக்கரம் மாத்திரம் மற்றவற்றைவிட மிகச் சூடாயிருந்தால் அங்கே இன்னும் குறை இருக்கிறது. கொதிக்கும் டிரம்மின்மேல் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். தானாக ஆறும்வரை பொறுக்கவேண்டும்.

வண்டி வைத்திருப்போர் ஒரு சிறு கணக்குப் புஸ்தகத்தில் ஷூ மாற்றிய தேதி, டிரம் கடைந்த அளவு, ஆயில் மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்துவருவது மிக்க பிரயோஜனம் தரும். அறுவடைக் காலத்தில் நெல்லும் கரும்பும் ஏற்றிய வண்டிகளோடு ஆட்களும் சேர்ந்தே பயணம்செய்யும் வழக்கம் கிராமங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கிராம அதிகாரிகள் அவ்வழக்கத்தைத் தடுக்க முயல்வதோடு, பருவம் தொடங்குமுன் தத்தம் கிராமத்துப் பழைய வண்டிகளின் பிரேக்குகளைச் சரிபார்த்துக்கொள்ளும்படி சொந்தக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுவது பேருபகாரமாகும். நன்கு பழுதுபார்த்த பிரேக்கு என்பது, மிதித்தால் பிடிக்கவும் வேண்டும், விட்டால் விடவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அவ்வண்டியிற் பாரமேற்றலாகாது.